எது இழுபடுகிறது? பட்டத்து விண்ணிலிருந்து சேலைன் போத்தல்வரை ஒரு கிரேக்கச் சொல்

காலபோக நெல் வெட்டி முடிந்த வயலில் பட்டம் ஏற்றியவர்களுக்கு விண் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லுப்போல வளைத்த ஒரு கம்பின் இரண்டு நுனிகளுக்கும் இடையில் தட்டையான நாடா ஒன்றை இறுக்கிக் கட்டி, அதைப் பட்டத்தின் தலைப்பக்கம் பூட்டுவார்கள். பட்டம் மேலே போனதும் வாடைக்காற்று அந்த நாடாவில் மோதி 'ங்ஙொய்' என்று கூவும். நாடா தொய்ந்திருந்தால் சத்தம் அடித்தொண்டையில் கிடக்கும். கொஞ்சம் இறுக்கிவிட்டால் சுருதி ஏறும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கம்பு முறியும், அன்றைய பின்னேரம் அத்தோடு சரி.

இந்தத் தை மாதம் விண்ணை இறக்கி இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். சாதாரண தரத்தில் சங்கீதம் எடுத்தவள். வீட்டில் ஒரு பழைய கீபோட்டும் இருக்கிறது.

"மாமா, பாடத்தில ஐசோரொனிக் எண்டு படிக்கிறம். கீபோட் புத்தகத்திலயும் ரொனிக் எண்டு கிடக்கு. அம்மம்மா குடிக்கிறதும் ரொனிக். எல்லாம் ஒண்டோ, இல்லாட்டி சும்மா ஒரே மாதிரிக் கேக்குதோ?"

மூன்றும் ஒன்றுதான். அவற்றோடு இன்னும் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தாய் தோனோஸ் என்ற கிரேக்கச் சொல். 'தெயினோ' என்றால் இழு, நீட்டு, விறைப்பாக்கு. அதிலிருந்து பிறந்த தோனோஸுக்கு முதற்பொருள் இழுபட்ட கயிறு, அல்லது அந்தக் கயிற்றின் விறைப்பு. கயிற்றை இழுத்துக் கட்டித் தட்டினால் சத்தம் வருமல்லவா? அப்புறம் அந்தச் சத்தத்துக்கும், சத்தத்தின் உயரத்துக்கும் அதே பெயர் வந்துவிட்டது. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் அடிக்கும் ரிங்ரோன் இந்த ரோன்தான். தமிழ்நாட்டில் டோன் என்பார்கள், நாங்கள் ரோன் என்கிறோம். கிரேக்கரோ 'த' என்றுதான் சொன்னார்கள். அந்த 'த'வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆகவே 'ரோன்', 'ரொனிக்', 'தெனு' என்ற மாதிரி ஒரு துண்டு ஒரு விஞ்ஞானச் சொல்லுக்குள்ளே கிடந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி, இங்கே எது இழுபடுகிறது என்பதுதான். பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

இசையிலிருந்தே தொடங்குவோம். உடுக்கை நினைத்துப் பாருங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவர்கள் வழியில் எங்காவது ஒரு உடுக்குச் சத்தம் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்துத் தோலையும் இணைக்கும் கயிறுகள் இடுப்பிலே ஒடுங்கி நிற்கும். அடிக்கிறவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தால் கயிறு இழுபடும், தோல் விறைக்கும், சத்தம் மேலே போகும். பிடியை விட்டால் கீழே வரும். 'இழுப்பு' என்ற சொல் 'சுருதி' என்ற பொருளுக்கு எப்படி வந்தது என்பதை அகராதியைப் பார்ப்பதைவிட உடுக்குப் பிடித்த கையைப் பார்த்தால் கெதியில் விளங்கும்.

இறுக்கினால் சுருதி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு ஏறும் என்பதில்தான் உலகம் நெடுங்காலம் ஏமாந்திருந்தது. பைதகரஸைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. கொல்லன் பட்டறைப் பக்கமாகப் போனபோது சம்மட்டிகள் எழுப்பிய சத்தங்கள் ஒன்றோடொன்று இசைவதைக் கேட்டாராம். சம்மட்டிகளை நிறுத்துப் பார்த்தால் 12, 9, 8, 6 என்ற விகிதத்தில் இருந்தனவாம். வீட்டுக்கு வந்து, அதே விகிதத்தில் எடைகளைக் கயிறுகளில் தொங்கவிட்டு அதே இசைவுகளைக் கேட்டாராம். அதாவது எடையை இரண்டு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும், கீழ் சட்ஜம் மேல் சட்ஜமாகும். கதை அழகாக இருந்ததால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆளுக்காள் எழுதிவைத்தார்கள். தொங்கவிட்டுப் பார்த்தவர்களைத்தான் காணோம்.

கயிற்றின் நீளத்தைப் பற்றி அந்த மரபு சொன்னது சரிதான். பாதி நீளத்தில் ஒரு ஸ்தாயி ஏறும். மூன்றில் இரண்டு நீளத்தில் பஞ்சமம், நாலில் மூன்றில் சுத்த மத்திமம். இந்தப் பஞ்சமத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே உள்ள 9க்கு 8 என்ற தூரத்துக்கும் கிரேக்கர் வைத்த பெயர் தோனோஸ்தான். ஆனால் இழுவையின் கதை வேறு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வின்சென்சோ கலிலேய் என்ற லூட் வாத்தியக்காரர் எடைகளைத் தொங்கவிட்டே பார்த்தார். தொலைநோக்கியால் வியாழனின் நிலவுகளைக் கண்ட கலிலியோவின் தகப்பன் இவர். ஒரு ஸ்தாயி ஏற்ற இரண்டு மடங்கு எடை போதாது, நாலு மடங்கு வேண்டும் என்று கண்டார். பிறகு 1636இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதை முழு விதியாக எழுதினார். இழுவையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மீடிறன், அதாவது ஒரு செக்கனில் கம்பி அதிரும் தடவை, கூடும். உயர்தரப் பௌதிகவியலில் சுரமானிக் கம்பியில் கடதாசித் துண்டை வைத்து, அது துள்ளி விழும்வரை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பது இந்த விதியைத்தான்.

நாங்கள் சுரமானிக்குப் போகவில்லை. முல்லைத்தீவில் மீன்வலைச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய தங்கூசி வீட்டில் கிடந்தது. ஒரு நுனியை வாங்கின் ஒரு காலில் கட்டி, வாங்குக்கு மேலால் இழுத்து, மறுநுனியில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டோம். பலகையில் முட்டாமல் இருக்க இரண்டு பென்சில்களைக் குறுக்கே வைத்தோம். மீட்டினால் மெல்லிய ஒரு சத்தம். மருமகள் கீபோட்டில் அதைத் தேடிப்பிடித்து 'ஸ' என்று வைத்துக்கொண்டாள். இரண்டாவது போத்தலையும் கட்டினோம். பைதகரஸ் கதை உண்மையென்றால் மேல் 'ஸ' வர வேண்டும்.

"இது மேல் ஸ இல்லை மாமா. பஞ்சமமும் இல்லை. அதுக்குக் கொஞ்சம் கீழ… பிரதி மத்திமம்!"

சரியாகச் சொன்னாள். இரண்டின் வர்க்கமூலம் 1.414. பன்னிரண்டு சுரஸ்தானங்களில் அது சரிபாதி வழி, பிரதி மத்திமத்தின் இடம். நாலு போத்தல் கட்டியபோது வாங்கு ஒரு பக்கம் சரிந்தது. என்னை அதில் குந்தச் சொல்லிவிட்டு மீட்டினாள். மேல் சட்ஜம். சுத்தமாக அல்ல, நைலோன் தானும் கொஞ்சம் நீளும், பென்சிலில் உரசும். ஆனால் காதுக்குப் போதும். வீட்டில் செய்துபார்க்க விரும்புகிறவர்கள் காலை நாலு போத்தலுக்கும் நேர்கீழே வைக்க வேண்டாம். வேலிக் கம்பியைத் தட்டிப் பார்ப்பதும் நல்ல விளையாட்டுத்தான், யானைக்குப் போட்ட மின்வேலியில் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம்.

இந்த இழுவை உடம்புக்குள் வந்தால் வைத்தியம். பழைய கிரேக்க வைத்தியர்கள் தசையின் விறைப்புக்கும் தோனோஸ் என்றார்கள். நாங்கள் சும்மா இருக்கும்போதும் தசைகள் முழுதாகத் தொய்ந்துவிடுவதில்லை, சுருதி சேர்த்த தந்திபோல ஒரு சின்ன இழுப்பில் நிற்கின்றன. பிறந்த பிள்ளையைத் தூக்கும்போது கைகால் துணிபோலத் தொங்குகிறதா என்று மருத்துவமாது பார்ப்பது இதைத்தான். தொய்ந்த உடம்பை மறுபடி இறுக்கி விறைப்பாக்கும் என்று நம்பப்பட்ட மருந்துக்கு ரொனிக் என்று பெயர் வந்தது. அம்மம்மாவின் ரொனிக் போத்தல் அந்த வாக்கை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அவ வாசிப்பா என்பதால் எழுதவில்லை. கீபோட் புத்தகத்து ரொனிக் இன்னும் நேரடியானது. பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்து இழுபட்டு நிற்கிறதோ அந்தச் சுரம், எங்கள் கணக்கில் ஆதார சட்ஜம்.

இழுப்பு மிஞ்சிப் போனால்? அதற்கும் அதே வேரில் பெயர் இருக்கிறது. தெத்தனோஸ், அதாவது ரெட்டனஸ். நாங்கள் ஏற்புவலி என்போம். வயலிலோ வளவிலோ துருப்பிடித்த ஆணி, முட்கம்பி குத்தினால் உடனே 'ஏற்பு ஊசி போட்டியோ' என்றுதான் ஊரில் கேட்பார்கள். பழி துருவுக்குப் போகிறது, உண்மையில் குற்றவாளி மண்ணில் இருக்கும் ஒரு பக்றீரியா. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். 'போதும், தளர்' என்று தசைக்குச் சொல்லும் நரம்புச் செய்திகளை அந்த நஞ்சு தடுத்துவிடும். பிறகு தசைகளுக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். முதலில் தாடை இறுகும். கடுமையானால் முதுகு பின்பக்கமாக வளைந்து, தலையும் குதிக்காலும் மட்டும் பாயில் பட, உடம்பு வில்லாகி நிற்கும். அந்த நிலைக்கு வைத்தியத்தில் ஒப்பிஸ்தோதோனோஸ் என்று பெயர். 'ஒப்பிஸ்தோ' என்றால் பின்னால், மிச்சம் தோனோஸ். விண்ணின் வில்லை இறுக்குவதும் இதுவும் ஒரே சொல் என்று சொன்னபோது மருமகள் கையில் இருந்த நாடாவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

கணிதத்தில் இந்தச் சொல் ஒளிந்திருப்பதை அனேகம் பேர் கவனிப்பதில்லை. செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கத்தை எங்கள் புத்தகத்தில் செம்பக்கம் என்பார்கள், தமிழ்நாட்டில் கர்ணம். ஆங்கிலப் பெயர் ஹைப்போட்டெனுஸ். 'ஹூப்போ' என்றால் கீழே, 'தெயினூசா' என்றால் இழுபடுகிறவள். செங்கோணத்துக்குக் கீழால் இழுபட்டுக் கிடக்கிற கோடு. இது வெறும் உவமை இல்லை. மேசன்மார் அத்திவாரம் வெட்டமுன் மூலை பார்க்கிற விதத்தைக் கவனியுங்கள். மூலையில் ஒரு முளை. ஒரு பக்கம் நூல் பிடித்து 3 அடியில் ஒரு அடையாளம், மறுபக்கம் 4 அடியில் ஒரு அடையாளம். இரண்டு அடையாளங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் முளையை நகர்த்துவார்கள். 2010க்குப் பிறகு இந்தப் பக்கம் எழும்பிய வீடுகளுக்குக் கணக்கில்லை, அத்தனை அத்திவாரத்தின் மூலைகளிலும் ஒரு 'தெயினூசா' ஒரு நிமிடமாவது இழுபட்டிருப்பாள். ஏற்புவலிக்கும் செம்பக்கத்துக்கும் ஒரே வேர் என்று ரியூசனில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

இனி மருமகள் கேட்ட ஐசோரொனிக். 'ஈசோஸ்' என்றால் சமம். 1880களில் ஹ்யூகோ டி வ்ரீஸ் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர், தாவரக் கலங்களை வெவ்வேறு செறிவுள்ள கரைசல்களில் போட்டு, எதில் கலம் சுருங்குகிறது, எதில் அப்படியே நிற்கிறது என்று பார்த்தார். கலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீரை இழுக்கும் பலம் சமமாக இருந்தால் ஐசோரொனிக். வெளியே இழுப்புக் கூடினால் ஹைப்பர்ரொனிக், குறைந்தால் ஹைப்போரொனிக். புத்தகத்தில் பிரசாரணம் என்று படிப்பதும் இந்தக் கயிறிழுப்புத்தான். ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் கலம், நடுவில் தண்ணீர்.

இதைச் செய்து காட்ட ஆய்வுகூடம் வேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடுகிற இடத்துக்குப் போனால் போதும். வெட்டிய மீனுக்கு உப்பை அள்ளிப் போட்டு அடுக்கிவிட்டு வந்தால், அடுத்தநாள் மீன் நீர் விட்டுக் கிடக்கும். தண்ணீர் யாரும் ஊற்றியதில்லை, மீனுக்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. மீனைக் கெடுக்க வரும் பக்றீரியாவுக்கும் அதே கதி. இதன் எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியில் தொங்கும் சேலைன் போத்தல். சாதாரண சேலைனில் 1 லீற்றருக்கு 9 கிராம் உப்பு, 0.9 வீதம். இரத்தக் கலத்தின் இழுப்புக்கு ஏறக்குறைய சமம். வெறும் தண்ணீரை இரத்தத்தில் ஏற்றினால் கலங்கள் தண்ணீரை உள்ளே இழுத்து ஊதி வெடிக்கும். உப்பைக் கூட்டினால் வற்றிச் சுருங்கும். மருமகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப சேலைன் எண்டது சுருதி சேர்த்த தண்ணி" என்றாள். பரீட்சையில் அப்படி எழுத வேண்டாம் என்று சொல்லிவைத்தேன், ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை.

பாரிரோன் என்ற ஆண்குரல் வகையிலும் தோனோஸ் இருக்கிறது. முன்பாதியான 'பரூஸ்' என்றால் கனமான. தமிழிலும் கனத்த குரல் என்கிறோமே, அதேதான். இந்தப் பரூஸ் காற்றின் கனத்தை அளக்கப் போய் பரோமீற்றர் ஆனது, எங்கள் புத்தகத்துப் பாரமானி. வங்கக்கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னதும் கரைக்காரர் வள்ளத்தை மேலே இழுப்பார்களே, அந்த அமுக்கம் அளக்கப்படுவது இதனால்தான். பரோ, பாரம் என்று காதுக்கு உறவுபோலக் கேட்டாலும் அது தற்செயல். பரூஸின் உண்மையான உடன்பிறப்பு சமஸ்கிருதத்துக் 'குரு'. கனமானது, நெடியது என்பதே அதன் பழைய பொருள். தாளத்தின் அங்கங்களில் எட்டு அட்சரம் கொண்ட குருவும் அதுவே.

காதை நம்பி ஏமாறுகிற இடங்கள் இன்னும் உண்டு. நெல்லை நிறுக்கிற தொன்னுக்கும் ரோனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அது பீப்பாயைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். நகப்பூச்சு அழிக்கிற அசிற்றோனும் இரசாயனக்காரர் ஒட்டிய விகுதிதான். எது இழுபடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இப்போது அந்த 'த'வுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் 'தன்' என்ற வேருக்கும் இழு, விரி என்றுதான் பொருள். அதிலிருந்து தந்து என்றால் நூல், தந்த்ரீ என்றால் வாத்தியத்தின் கம்பி. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். அந்த உறவுக்கு நல்ல சாட்சிகளில் ஒன்று இந்தத் தன், தெயினோ இரண்டும். தந்த்ரீ தமிழுக்கு வந்து தந்தி ஆனது. வீணையில் தந்தி. கம்பி வழியாகச் செய்தி வரத் தொடங்கியதும் அதுவும் தந்தி. தந்தி என்று கேட்டாலே வீட்டில் அழுகை தொடங்கிய காலத்தை அம்மம்மா இன்னும் சொல்லுவா.

தந்தி வருவதற்கு முன்பு தமிழில் யாழின் கம்பிக்கு என்ன பெயர்? நரம்பு. இசை நூலையே தொல்காப்பியம் 'நரம்பின் மறை' என்கிறது. உடம்புக்குள் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. கிரேக்கத்தில் 'நெயூரோன்' என்றாலும் முதலில் தசைநார், வில்லின் நாண், யாழின் நரம்பு, எல்லாந்தான். 1891இல் வல்டேயர் என்ற ஜெர்மனியர் நரம்புக் கலத்துக்கு அந்தச் சொல்லை எடுத்து நியூரோன் என்று பெயர் வைத்தார். இந்த இரண்டு சொல்லுக்கும் பிறப்பில் உறவில்லை, தமிழ் வேறு குடும்பம். ஆனால் இரண்டு ஊரிலும் யாரோ விலங்கின் உடம்பிலிருந்து எடுத்த நாரைத் திரித்து, இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் வாங்கில் குந்தியபடி நான் மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, விறாந்தையில் காலை நீட்டியிருந்த அம்மம்மா முழங்காலைப் பிடித்தபடி, "கதைச்சது காணும், அந்த எண்ணெயை எடுத்தா பிள்ளை. நாரியில இருந்து கால்வரைக்கும் நரம்பு இழுக்குது" என்றா.

மருமகள் என்னைப் பார்த்தாள். நெயூரோன், தோனோஸ். எண்ணெய்ப் போத்தலை எடுக்க அவள் எழும்ப, நாலு தண்ணீர்ப் போத்தலும் ஒன்றாக நிலத்தில் விழுந்தன.